ஓர்லிக்கின் பின்பாதி

எங்கள் ஊரில் செஸ் ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் செஸ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று பாதி ஊரும், அதனால்தான் தப்பித்தோம் என்று மீதி ஊரும் இன்று வரைக்கும் டீக்கடையில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே காத்திருப்பது மட்டும்தான். எந்த மண்டபத்தில் எந்தச் சுவரோரம் மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழும், எந்தக் கல்லூரியில் குடிதண்ணீர் உப்புக்கரிக்கும், எந்த பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைப் பக்கம் போகாமல் அடக்கிக்கொள்வது உத்தமம், ஒரு செய்தித்தாளை எப்படி விரித்தால் ரெண்டு பேர் உட்காரலாம் என்பதிலெல்லாம் நாங்கள் கெட்டிக்காரர்கள். உள்ளே பிள்ளை குதிரையைக் கொடுத்தானா யானையை வாங்கினானா என்பது, அவன் கதவைத் திறந்துகொண்டு வரும்போது அவன் முகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். சனி, ஞாயிறு என்று ரெண்டு நாளை மனுஷன் ஓய்வெடுக்க விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதையே மறந்துபோன கூட்டம் நாங்கள். நான் தையல் மெஷின் பழுது பார்க்கிறவன். என் மகன் கார்த்தீஸ்வரனும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன், அதனால் இந்தக் கதையில் நடுநிலைமை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எண்ணெய்க்கடை மாடியில் வகுப்பு நடத்திய ஆசிர்வாதம் சார், ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, ரயில்வேக்காக ஆடி ஆடியே தலை வழுக்கையான மனிதர். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு மாஸ்டர். அந்த மாஸ்டர் சின்ன வயதில் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து சாகும் முன்னால் ஆடிய கடைசி ஆட்டம் வரைக்கும், ஜெயித்தது தோற்றது எதையும் விடாமல், வரிசையாகப் பலகையில் நகர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல ஆட்டமாகப் பொறுக்கி எடுத்துப் படிப்பது அவருக்குப் பிடிக்காது. “கறியை மட்டும் பொறுக்கித் தின்னுட்டுக் குழம்ப வைக்கக் கூடாதுல்ல,” என்பார். ஜெராக்ஸ் எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிய தடித்தடிப் புத்தகங்கள் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் கிடந்தன. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த மாஸ்டர் எங்கே பிறந்தார், எப்படி வாழ்ந்தார், எங்கே செத்தார் என்று ஒரு பக்கக் குறிப்பு இருக்கும். அதற்குப் பிறகு வெறும் எழுத்தும் எண்ணும்தான்.

அந்த ஆடி மாதக் காற்றில்தான் மாஸ்டர்கள் பிள்ளைகளுக்குள் இறங்க ஆரம்பித்தார்கள். காற்றில் தூசி வருவது மாதிரி அது பாட்டுக்கு வந்தது. யாரும் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கார்த்தீசுக்குக் கொடுத்த மாஸ்டருக்கு ஆஸ்துமா இருந்திருக்கிறது, அவருடைய இருபதாவது வயது ஆட்டங்களை அவன் நகர்த்தி முடித்த அன்றைக்கு எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒரு வீசிங் சத்தம் கேட்டது, என் மனைவி மழைக்கோட்டை வாங்கித்தராத என்னைத் திட்டினாள். லாரி டிரைவர் ராஜாமணியின் மகள் கனிஷ்காவுக்குக் கொடுத்தது தோபியாஸ் ஓர்லிக். பனிக்காட்டில் நடந்து இடது கால்விரல்கள் மூன்றைப் பறிகொடுத்தவர் அவர், ஆட்டங்கள் அந்த வயதை எட்டிய நாளிலிருந்து கனிஷ்கா, ஐந்து விரலும் நல்லபடியாக இருக்கிற தன் காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தாள், கடலைமிட்டாய்க் கம்பெனிப் பக்கம் போனால் மட்டும் நின்று, வெல்லப்பாகு வாசனையில் அவர் ஊர் ரொட்டி சுடும் வாசனை எங்கே என்று தேடினாள். வாசிக்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்களை நகர்த்துகிற கைக்குத்தான் வந்தது. ஆட்டத்தோடு ஆள் வருகிறார், அவ்வளவுதான் விஷயம்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட வேகத்தை இப்போது நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. டாக்டர் மருந்துச்சீட்டில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் மாஸ்டரின் பெயரையும் எழுதினார், வயது என்ற இடத்தில் ரெண்டு வயதையும் போட்டு நடுவில் ஒரு கோடு போட்டார். பள்ளிக்கூடத்தில் அடுத்தவர் சீக்குக்கும் லீவு கொடுத்தார்கள். அம்மன் கோயில் பூசாரி அர்ச்சனையின்போது “ஓர்லிக் நாமதேயஸ்ய” என்று ஒரு இழு இழுத்துவிட்டு, அவருக்கு நட்சத்திரம் தெரியாததால் கனிஷ்காவின் பூரத்தையே அவருக்கும் சேர்த்து வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அக்காளைப் பார்த்துவிட்டு, செஸ் ஆடும் தம்பியைக் காட்டி, “இவருக்குள்ள யாரு இருக்காக? குடிப் பழக்கம் உள்ளவரா?” என்று விசாரித்துவிட்டுத்தான் பூ வைத்தார்கள்.

எங்களைப் பயமுறுத்தியது ஒருவனுடைய விஷயம்தான். அச்சாபீஸ் கோட்டைச்சாமியின் மகன் படிப்பில் சுறுசுறுப்பு, எல்லோருக்கும் முன்னால் தன் மாஸ்டரை முடித்துவிட்டான். அந்த மாஸ்டர் கடைசிக் காலத்தில் சொந்தப் பெயரே மறந்துபோய்ச் செத்தவர். ஒரு காலையில் பையன் அப்பாவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “நீங்க யாரு?” என்று கேட்டான். கோட்டைச்சாமி இன்றைக்கும் காலையில் தன் பெயர், ஊர், தொழில் எல்லாம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டுதான் மகனுக்குக் காப்பி கொடுக்கிறார். காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார், அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

அதன் பிறகுதான் எங்களுக்கு முதல் பக்கக் குறிப்பைப் படிக்க வேண்டும் என்ற ஞானம் வந்தது. ஆசிர்வாதம் சார் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். ஒருவர் ஜன்னலிலிருந்து விழுந்திருந்தார், ஒருவர் சூதில் வீட்டைத் தோற்றிருந்தார், ஒருவர் பேசுவதையே நிறுத்தியிருந்தார். ஓர்லிக் இருபத்தாறு வயதில் உலகத்தை ஜெயித்தார், முப்பத்தொன்றில் தோற்றார், அதற்குப் பிறகும் ஆட்டத்தை விட்டுப் போகத் தெரியாமல் முப்பது வருஷம் சின்னச் சின்ன ஊர்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆடி, மனைவி விட்டுப்போய், ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் போய்ச் சேர்ந்தார். “பெரிய மனுஷங்கன்னா நல்லா வாழ்ந்திருப்பாங்கன்னுல்ல நெனச்சோம்,” என்றாள் கனிஷ்காவின் அம்மா செண்பகவல்லி. அதைத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நல்லபடியாக வாழ்ந்த மாஸ்டர் ஒருவர்கூடவா இல்லை என்று சாரைப் பிடித்து உலுக்கியதில் ஒரே ஒருவர் அகப்பட்டார். பிராண்ட் என்று பெயர். குடை வியாபாரம் செய்தவர், பேரன் பேத்தி எடுத்து, தூக்கத்திலேயே சுகமாகச் செத்தவர். ஒரே வாரத்தில் பாதி வகுப்பு பிராண்டுக்கு மாறிவிட்டது. ஆனால் பிராண்ட் ஒரு ஆட்டத்தையும் முழுசாக ஆடியதில்லை. பதினைந்து நகர்த்தலில் எதிராளிக்குக் கை கொடுத்து டிரா செய்துவிட்டுக் கடை திறக்கப் போய்விடுவார். அந்தப் பிள்ளைகளும் அப்படியே, போட்டி தொடங்கிய அரை மணி நேரத்தில் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை. பெற்றோர்களுக்கு அது பொறுக்கவில்லை. சுகமாக வாழவும் வேண்டும், கோப்பையும் வேண்டும்.

புத்தகத்தைக் கிழிக்கலாம் என்ற யோசனை யாருக்கு வந்தது என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் கை காட்டுவோம். ஒரு கல்யாண மண்டபத்து வேப்பமரத்தடியில், புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே எடுத்த முடிவு அது. மாஸ்டர் பட்டம் ஜெயித்த நாள் எதுவோ, அந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுவது. அதற்குப் பின்னால் உள்ள தோல்வி, சீக்கு, குடி, முதுமை அத்தனையையும் கிழித்துப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுவது. பிராண்டுக்கு மாறியவர்களும் பழைய மாஸ்டருக்கே திரும்பிவந்து, பிள்ளைகள் மறுபடி மறுபடி முதல் பாதியையே ஆடட்டும். ஆசிர்வாதம் சார் மட்டும், “பாதி மனுஷன எறக்குனா பாதிதான்யா எறங்கும்,” என்றார். அன்றைக்கு அவர் பேச்சு எடுபடவில்லை. சுருள் கம்பியை உருவி, பின்பாதிகளைக் கட்டுக்கட்டாகப் போட்டோம். வேர்க்கடலைக்காரர் அதில்தான் பொட்டலம் மடித்தார், அந்தக் கடலையைத் தின்றவர்களுக்கு ஒரு வாரம் காரணமில்லாமல் கண்ணீர் வந்ததாகச் சொல்வார்கள், அது சும்மா ஊர்க் கதை. செண்பகவல்லி மட்டும் தன் கட்டைக் கடையில் போடவில்லை. காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாமிப் படங்களுக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

பிறகு எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். அப்படி ஒரு ஜெயிப்பு. மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று போன இடமெல்லாம் கோப்பை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்காரர்கள், பழைய தோல்விகளை மறந்துபோனவர்கள், ஆளுக்கொரு பட்டத்தை அப்போதுதான் ஜெயித்து முடித்தவர்கள். ஊர் எல்லையில் பேனர் வைத்தார்கள். எம்.எல்.ஏ. வந்து ராணியைக் கையில் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். வெளியே காத்திருக்கும் எங்களுக்கு மற்ற ஊர்ப் பெற்றோர்கள் எழுந்து நிழல் கொடுத்தார்கள்.

ஆனால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் ஒரு நாள் தோற்கத்தானே வேண்டும். முதலில் தோற்றவன் என் மகன். போட்டி முடிந்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள், கார்த்தீஸ் வரவில்லை. உள்ளே போனால், எதிரே ஆடியவன் கிளம்பிப் போய்விட்ட பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். கடிகாரத்தில் அவன் நேரம் தீர்ந்து போயிருந்தது, நடுவர் முடிவை எழுதிவிட்டார். “வாடா, போகலாம்” என்றேன். “இன்னும் முடியலப்பா,” என்றான், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். அழவில்லை. எழுந்திருக்க மறுக்கவும் இல்லை, அவனுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. தோற்ற பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது நாங்கள் கிழித்துப் போட்ட பாதியில் இருந்தது.

நாலு பேர் சேர்ந்து அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். வீட்டில் அதே ஆட்டத்தைப் பலகையில் அடுக்கி முன்னால் வைத்த பிறகுதான் மூச்சு சீராக விட்டான், ஐந்தாறு நாள் கழித்து ஒரு காலையில் பசிக்கிறது என்று எழுந்தான். நாங்கள் அதற்கும் பழகிவிட்டோம், வேறென்ன செய்வது. ஒவ்வொரு போட்டிக்கும் ரெண்டு மூன்று பிள்ளைகள் இப்படி உட்கார்ந்துவிடுவார்கள். போட்டி நடத்துகிறவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் கதவோரத்து மேஜையாகப் பார்த்துக் கொடுத்தார்கள், தூக்குவதற்கு வசதியாக. கண்டக்டர்கள் நாற்காலிக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியென்றால் கனம் குறைவு என்று அதை நாங்களே வீட்டிலிருந்து கொண்டுபோக ஆரம்பித்தோம். ஜெயிக்கும் நாட்கள் அதிகம், தூக்கும் நாட்கள் குறைவு என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

கனிஷ்கா மட்டும் தோற்கவே இல்லை. இரண்டு வருஷம். காலை இழுத்துக்கொண்டு உள்ளே போவாள், வெளியே வந்து அம்மாவின் கையிலிருந்து தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொள்வாள், முகத்தில் ஒன்றும் இருக்காது. அவள் தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றுக்குப் போனபோது நாங்கள் எல்லோரும் ரயில் ஏறினோம். அங்கே தன்னைவிடச் சின்னவளான, இரட்டைச் சடை போட்ட ஒருத்தியிடம் கனிஷ்கா தோற்றாள்.

கொண்டுவந்து வீட்டில் இறக்கி, அதே ஆட்டத்தை அடுக்கி வைத்தோம். ஐந்தாறு நாள் போயிற்று. பத்து நாள் போயிற்று. மற்ற பிள்ளைகளுக்குள் இருந்தவர்கள் சும்மா பெரிய ஆட்டக்காரர்கள், இவளுக்குள் இருந்ததோ உலகத்தை ஜெயித்தவன்; அந்த உயரத்திலிருந்து இறங்க அவளுக்குப் படியே இல்லை. ஊட்டினால் வாயில் வைத்துக்கொள்வாள், விழுங்க மாட்டாள். வீட்டிலேயே டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டர் மருந்துச்சீட்டில் ரெண்டு வயதையும் எழுதி, நடுவில் கோடு போட மறந்து, பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து என்னிடம், “இப்படியே போனா தாங்காதுங்க,” என்றார்.

செண்பகவல்லி ஆசிர்வாதம் சாரிடம் போனாள், துணைக்கு நானும் போனேன்.

“தோக்குறது எப்படின்னு பின்பாதியிலதான்ம்மா இருக்கு,” என்றார் சார். “தோத்துட்டோம்னு ராஜாவச் சாய்ச்சு ரிசைன் பண்றது, கை கொடுக்கிறது, எந்திரிச்சுப் போறது, எல்லாமே. அத அவ ஆடணும். கெடைக்குமான்னு பாருங்க.”

“எங்கிட்ட இருக்கு சார்.”

“அப்புறம் என்ன?”

“அவளுக்கு வேண்டாம் சார். பசி, சீக்கு, பொண்டாட்டி விட்டுட்டுப் போனது, முப்பது வருஷம். இத்தனையையும் ஒரு பச்சப்புள்ள தலையில கொண்டுபோய் எறக்கவா? நீங்க ஆடுறீகளா?”

சார் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். “எனக்குள்ள ஏற்கெனவே மூணு பேரு சாகக் கெடக்காங்கம்மா. இன்னொருத்தருக்கு எடமில்ல.”

“அப்ப நான் ஆடுறேன்.”

“நீங்க ஆடினா அவளுக்கு எப்படிம்மா வரும்?”

“வர வேண்டாம் சார். நான் தோக்கும்போது அவ பார்த்துக்கிடட்டும்.”

அவளுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் கட்டங்கள் தெரியும். குழம்பு கொதிக்கும்போது ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாக “குதிரை எஃப் மூணு, மந்திரி சி நாலு” என்று வருஷக்கணக்கில் மகளுக்கு வாசித்தவள் அவள். வாசிப்பாளே தவிர, ஒரு சிப்பாயைக்கூடத் தொட்டதில்லை. இப்போது நான் வாசித்தேன், அவள் நகர்த்தினாள். கம்பெனியில் கடலைமிட்டாய் பொட்டலம் கட்டிவிட்டு மத்தியானம் வருவாள், நான் மெஷின் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போவேன், கூடத்தில் கனிஷ்கா தன் பலகையின் முன்னால் கல்லாக உட்கார்ந்திருக்க, அவள் பார்க்கிற இடத்தில் இன்னொரு பலகை போட்டு நாங்கள் ஓர்லிக்கின் பின்பாதியை ஆரம்பித்தோம்.

மூன்றாம் நாளே அவர் பட்டத்தைத் தோற்ற ஆட்டம் வந்தது. அதை நகர்த்தி முடித்ததும் செண்பகவல்லி எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, “அடுத்தது வாசிங்கண்ணே,” என்றாள். அப்படி ஒவ்வொரு மத்தியானமும் அவள் ஒரு வருஷத்தையும் ரெண்டு வருஷத்தையும் விழுங்கினாள். ஓர்லிக் பிள்ளைகளிடம் தோற்றார், குடிகாரர்களிடம் தோற்றார், தன்னிடம் ஆட்டம் கற்றுக்கொண்டவர்களிடம் தோற்றார், குளிர்காலத்தில் கோட்டை அடகு வைத்துவிட்டு ஆடித் தோற்றார், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் பசியில் கண் இருட்டித் தோற்றார், தோற்றுத் தோற்று அடுத்த ஊருக்குப் போனார். அவள் தலை வகிட்டிலிருந்து வெளுத்தது. இடது கால் இழுத்தது. பற்கள் உள்ளேயே இருந்தாலும் இல்லாதவள் போல மெல்லத் தொடங்கினாள். அந்தப் பாதையில் நடந்த அந்த மனிதனை நான் மனசுக்குள் நிறையத் திட்டினேன், ஏன்யா விட்டுட்டுப் போகவேண்டியதுதானே என்று. அவளும் ஒரு நாள் அதையேதான் சொன்னாள். “விட முடியலண்ணே. வேற எதுவும் தெரியாது அவருக்கு. நாம சனி ஞாயிறு போய்க் காத்துக் கெடக்கலயா, அது மாதிரி.”

ராஜாமணி நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போய்விட்டுத் திரும்பிய மத்தியானம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தவர், பலகை முன்னால் குனிந்திருந்த வெள்ளைத் தலையைப் பார்த்து என்னிடம், “யாருண்ணே வந்திருக்காக?” என்று கேட்டார்.

அந்தத் தலை நிமிர்ந்தது. “நான்தான். வாங்க. சாப்பிட்டீகளா?”

அவர் படியில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பெரிய ஆள், பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறவர், அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து கடைக்குப் போய் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் ஒன்று வாங்கிவந்து, அவள் காலடியில் உட்கார்ந்து தேய்த்துவிட ஆரம்பித்தார். நான் அடுத்த நகர்த்தலை வாசித்தேன்.

கடைசியில் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் ஆடியது. தாளைத் திருப்பப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். “அது வேண்டாம்ண்ணே. அது வரும்போது வரட்டும். தோக்குறது எப்படின்னு தெரிஞ்சிருச்சு, அது போதும்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கனிஷ்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். நடுவில் அந்த இரட்டைச் சடைக்காரியிடம் தோற்ற ஆட்டம் அப்படியே தூசி படிந்து நின்றது. கனிஷ்காவின் ராஜா மூலையில் ரெண்டு மூன்று சிப்பாய்களோடு நின்றிருந்தார், எதிரே ராணியும் யானையும். செண்பகவல்லி பலகையை ரெண்டு கையாலும் பிடித்து, ஒரு காயும் சாயாமல், மெதுவாகத் திருப்பினாள். தோற்கிற பக்கம் இப்போது அம்மாவிடம் இருந்தது, ஜெயிக்கிற பக்கம் மகளிடம்.

“ஆடு தாயி,” என்றாள்.

கனிஷ்காவின் கண் அசைந்தது. ஜெயிக்கிற ஆட்டத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கிற இருபத்தாறு வயதுக்காரனால் சும்மா இருக்க முடியுமா? அவள் கை மேலே வந்தது, யானையை நகர்த்தியது. அம்மா ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். ராணி வந்தது. அம்மா சிப்பாயைக் கொடுத்தாள். ஓர்லிக்குக்கு எதிரே ஓர்லிக், உலகத்தை ஜெயித்தவனுக்கு எதிரே சாப்பாட்டுக்கு ஆடியவன், ராஜாமணியும் நானும் சுவரோரம் நின்று, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தோம். கிழவன் நன்றாகத்தான் ஆடினான். ஒரு இடத்தில் கனிஷ்கா ரொம்ப நேரம் யோசித்தாள், அவள் நெற்றியில் வேர்வை வந்தது. ஆனாலும் அந்த ஆட்டம் தோற்ற ஆட்டம்தான்.

செண்பகவல்லி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுண்டுவிரலை நீட்டி, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல, ராஜாவைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். எதிரே கையை நீட்டினாள்.

“நல்லா ஆடுன. எந்திரி, சாப்பிடலாம்.”

கனிஷ்கா படுத்திருந்த ராஜாவைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள், அந்தக் கைக்கு மேலே இருந்த வெள்ளைத் தலையை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். “அம்மா,” என்றாள். “உனக்கு என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. தோத்துட்டேன். பசிக்குது.”

அன்றைக்குக் கனிஷ்கா நாலு இட்லி சாப்பிட்டாள். நான் வீட்டுக்குப் போய், எதற்கென்று தெரியாமல், கார்த்தீசைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அவன் வீசிங் என் காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து, தாங்கள் தோற்ற ஆட்டங்களைச் செண்பகவல்லியின் முன்னால் அடுக்கிப் பலகையைத் திருப்பிவிட்டு, அவள் ராஜாவைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை நாங்கள் எடுத்துப்போவது நின்றது. பேனரும் நின்றது, அதையும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் பிள்ளைகள் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போலச் சில சமயம் ஜெயிக்கிறார்கள், பல சமயம் தோற்கிறார்கள். மற்ற ஊர்ப் பெற்றோர்கள் எங்களுக்காக எழுந்து நிழல் கொடுப்பதில்லை. செண்பகவல்லிக்கு மட்டும் கொடுக்கிறார்கள், வயசானவர் என்று. அவளுக்கு நாற்பது ஆகவில்லை. ஆடாமல் விட்ட அந்தக் கடைசித் தாள் அவள் மணிபர்சில் மடித்தபடி இருக்கிறது, மழை பெய்யும்போது அதன் மேல் கையை வைத்துக்கொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ப் பாலிடெக்னிக்கில் போட்டி. நானும் அவளும் சைக்கிள் ஸ்டாண்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தோம். அவள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள், காலை நீட்டி, வாய் லேசாகத் திறந்து, எங்கேயோ ஒரு பனிக்கால ஊரில் ரயிலுக்குக் காத்திருக்கிற கிழவனைப் போல. எனக்குப் பயமாக இருந்தது, ரெண்டு தடவை மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்துகொண்டு கனிஷ்கா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, தோற்றிருந்தாள். நேராக வந்து அம்மாவின் முன்னால் நின்று, தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, கையை நீட்டினாள்.

“எந்திரிம்மா,” என்றாள். “சாப்பிடப் போகலாம்.”

செண்பகவல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, இடது காலை ஊன்றி எழுந்தாள்.